அக்கா நம்பினாள்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் மணிக்கட்டு வலி குறைந்ததா? மாமாவும் உன் மகளும் சுகம்தானே?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் வீட்டுக்குப் போன் செய்தால் மாமா எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். நீ அடுப்படியிலிருந்து "சாப்டியா" என்கிறாய். நான் "சாப்டேன்" என்கிறேன். மகள் நடுவில் புகுந்து "சித்தி" என்று ஒரு சத்தம் போடுகிறாள். அவ்வளவுதான், முடிந்தது. எட்டு வருடமாக நீயும் நானும் சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் பேசிய மாதிரி எனக்கு நினைவில்லை. அதனால்தான் வீட்டுக்கு எழுதாமல் உன் வேலையிடத்துக்கு எழுதுகிறேன். சலவைப் பிரிவு மேற்பார்வையாளர், பெரிய மருத்துவமனை என்று போட்டால் வந்து சேராதா என்ன?

இதோடு ஐந்து போஸ்டர் அனுப்பியிருக்கிறேன். சனிக்கிழமைகளில் நான் போகும் அமைப்பு உனக்குத் தெரியும். பெண்களுக்கு நடக்கும் பாலியல் கொடுமை பற்றிக் கல்லூரி, தொழிற்சாலை என்று போய்ப் பேசுகிறவர்கள். நடந்ததை அனுபவித்தவர்களே வந்து சொன்னால்தான் ஜனங்கள் காதுகொடுத்துக் கேட்கிறார்கள் என்பார்கள். என் பழைய முதலாளி என்னைக் கெடுத்த வழக்கில் போன வருடம் தீர்ப்பு வந்ததல்லவா, அதற்குப் பிறகு என் முகத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

படம் எடுத்தவர் என்னை ஜன்னல் ஓரம் நிறுத்தி வெளியே பார்க்கச் சொன்னார்.

"என்ன தெரியுது?"

"தண்ணி டேங்க்."

"பரவால்ல. ரொம்பத் தூரத்துல எதையோ பாக்கற மாதிரி பாருங்க. கண்ணாடியக் கழட்டிடுங்களேன்."

நான் கழற்றவில்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பிழைக்கிறவள் கண்ணாடி இல்லாமல் நின்றால் எங்கள் கடை வியாபாரம் என்ன ஆகும்?

உங்கள் மருத்துவமனையில் நிறையப் பெண்கள் வேலை செய்கிறார்கள். ஒட்டினால் யாருக்காவது உதவும். சங்கடமாக இருந்தால் அலமாரிக்கு அடியில் போட்டுவிடு, நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

கைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் தங்கை


ஜனவரி 24

என் வாலுக்கு,

கடிதமும் போஸ்டரும் கிடைத்தன. இங்கே எல்லோரும் நலம். கையில் பட்டைக்கட்டுப் போட்டிருக்கிறேன், வலி மட்டும் இடத்தைக் காலி செய்யவில்லை. உன் இருமல் நின்றதா? லென்ஸ் தேய்க்கும்போது முகத்துக்குத் துணி கட்டுகிறாயா இல்லையா, பொய் சொல்லாமல் எழுது.

சலவைப் பிரிவுக்குத் தபால் வந்தது இதுதான் முதல் தடவை. ஏதோ மேலிடத்து ஆணை என்று நினைத்து நான்கு பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். தங்கச்சி எழுதியது என்றதும் கலைந்துவிட்டார்கள். ஒருத்தி மட்டும் நகரவில்லை. துணி மடிக்கும் மேஜையில் நிற்பவள், எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுகிறோம். காலை ஏழு மணிக்கு வாயைத் திறந்தால் ஷிப்ட் முடியும்வரை மூடமாட்டாள், விளம்பர இடைவேளைகூடக் கிடையாது. உனக்கு என்ன வயது, என்ன வேலை, எத்தனை பவர் கண்ணாடி என்று அத்தனையும் கேட்டுவிட்டுத்தான் போனாள்.

ஒரு போஸ்டரை வருகைப் பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். நர்ஸுகள் உடை மாற்றும் அறையில் ஒன்று, உணவுக்கூடத்தில் ஒன்று. மீதி இரண்டையும் மேல்மாடிக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். தாள் நல்ல கனமாக இருக்கிறது. இஸ்திரி உருளையிலிருந்து வரும் ஆவியில்கூடச் சுருங்கவில்லை. நீல நிறம் கண்ணை உறுத்தாமல் இருக்கிறது. எழுத்தும் பெரிது, தூரத்திலிருந்தே படித்துவிடலாம். நீ கண்ணாடியோடு நிற்பதுதான் எனக்குப் பிடித்தது.

புதுப் படுக்கை விரிப்புகள் வந்திருக்கின்றன. முதல் சலவையில் எவ்வளவு சுருங்கும் என்று பார்த்துப் பிரித்து வைக்க வேண்டும். வேலை நிறைய. பிறகு எழுதுகிறேன்.

நேரத்துக்குத் தூங்கு.

அக்கா


பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் இருக்கிறது, முகத்துக்குத் துணி கட்டவில்லை. உண்மை போதுமா? வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

நேற்று ஒரு கல்லூரியில் பேசினேன். இதோடு முப்பத்தெட்டுக் கூட்டம் ஆயிற்று. எனக்கு ஆறு நிமிடம் கொடுப்பார்கள். எங்கள் ஒருங்கிணைப்பாளர் கடிகாரத்தோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். எதற்கெடுத்தாலும் "நம்ம பிளான் என்னன்னா" என்பதால் அவருக்குப் பிளான் மேடம் என்று பெயர் வைத்திருக்கிறேன். நல்ல மனுஷி, பதினேழு வருடமாக இதே வேலையாக அலைகிறார். அவருக்கு ஒரே ஒரு குறைதான்.

"நீ அழவே மாட்டேங்கற. அழ வேண்டாம், லேசாக் குரல் உடைஞ்சாப் போதும்."

"எனக்கு வரலையே மேடம்."

"சரி, அந்த மூணாவது நிமிஷத்துல கொஞ்சம் நிறுத்து. அவங்களே புரிஞ்சுக்குவாங்க."

அந்த மூன்றாவது நிமிடத்தில் நிறுத்துகிறேன். எனக்குள் ஒன்றும் நடப்பதில்லை. அடுத்த வரி என்ன என்று யோசித்துக்கொண்டு நிற்பேன். கீழே யாராவது மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டதும் மறுபடி ஆரம்பிப்பேன். கடைசி நிமிடத்துக்குள் வழக்கு, தீர்ப்பு, இப்போதைய வேலை எல்லாம் வந்துவிட வேண்டும். கேட்டவர்கள் நம்பிக்கையோடு வீட்டுக்குப் போக வேண்டுமாம்.

நேற்றுக் கேள்வி நேரத்தில் பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "உங்களுக்கு உங்க அக்கா இருந்தாங்க. அப்படி ஒருத்தர் இல்லாதவங்க என்ன செய்யணும்?" என்று கேட்டாள். நான் உதவி எண்ணைச் சொன்னேன். அதை எழுதிக்கொள்ளாமலே உட்கார்ந்துவிட்டாள். அது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

போஸ்டரின் தாளைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் எழுதியிருந்தாய். அதில் இருப்பதைப் படித்தாயா?

தங்கை


மார்ச் 21

என் வாலுக்கு,

பதில் போட ஆறு வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பாய்லர் பழுதாகி ஒன்பது நாள் வெளியே கொடுத்துத் துவைத்தோம். பிறகு மகளுக்குப் பரீட்சை. பிறகு மாமாவுக்குக் காய்ச்சல். இப்போது எல்லோரும் தேறிவிட்டோம். உன் உடம்பு எப்படி?

படித்தேன்.

நான் மட்டுமில்லை, இங்கே எல்லோரும் படித்துவிட்டார்கள். ரேடியோதான் ஆரம்பித்து வைத்தாள். ஒரு நாள் வருகையைப் பதிந்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். போஸ்டரைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், மறுபடி போஸ்டரைப் பார்க்கிறாள். "இந்தப் புருவம் உங்க புருவம். இது உங்க தங்கச்சிதானே?" என்றாள். ஆமாம் என்றேன். உடனே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தாள்: "முதல் நாளே அக்காவிடம் சொன்னேன். அக்கா நம்பினாள். அதனால்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்."

அன்றிலிருந்து என்னை நடத்தும் விதமே மாறிவிட்டது. உருளையில் வேலை செய்யும் பெண் எனக்கு நாற்காலி இழுத்துப் போடுகிறாள். மடிப்பில் தப்பு வந்து நான் திட்டினால்கூட யாரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வதில்லை. தலைமை நர்ஸ் ஒரு நாள் கீழே இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாருக்கும் உங்கள மாதிரி ஒரு அக்கா வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பட்டைக்கட்டு நழுவியிருந்தது, அதைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அந்த வரியை எழுதியது யார்?

வெயில் ஏறுகிறது, தண்ணீர் நிறையக் குடி.

அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? மகள் பரீட்சை நன்றாக எழுதினாளா? நான் சுகம்.

போஸ்டர் வாசகத்தை அமைப்பில் பலர் உட்கார்ந்துதான் முடிவு செய்வார்கள். யார் எதைச் சொன்னார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கடையில் இந்த வாரம் ஒரு பெரியவர் வந்தார். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, "எதிர்க் கட்டடத்துக்கு இத்தனை ஜன்னலா?" என்று கேட்டார். பக்கத்து எந்திரக்காரனும் நானும் அன்று முழுக்க அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

எங்களில் ஏழு பேருடைய அனுபவங்களைச் சேர்த்துச் சிறுநூல் ஒன்று வருகிறது. அச்சானதும் அனுப்புகிறேன்.

தங்கை


ஏப்ரல் 26

என் வாலுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். மகள் பாஸ். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சின்னக் கடிதம் என்பதால் சீக்கிரம் முடிந்துவிட்டது.

இங்கே நடந்த ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். மாத ஆரம்பத்தில் ரேடியோவின் பேச்சு நின்றுவிட்டது. முதல் நாள் தொண்டைக்கட்டு என்று நினைத்தோம். நான்காம் நாள் கேலி செய்தோம், பேட்டரி மாற்ற வேண்டும் என்று. அவள் தலையணை உறைகளை மடித்துக்கொண்டே இருந்தாள். ஒரே உறையைப் பிரித்துப் பிரித்து மடிப்பதை நான் பார்த்தேன். பார்த்தும் கேட்கவில்லை.

எட்டாம் நாள் மத்தியான ஷிப்ட் மாறும்போது என் மேஜைக்கு வந்தாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொன்னா நம்புவீங்கல்ல? நீங்க நம்புவீங்க. போஸ்டர்ல போட்டிருக்கே."

எங்கள் மருத்துவமனைக்கு ஊரின் இன்னொரு மூலையிலும் ஒரு கட்டடம் இருக்கிறது. வாரம் இரண்டு தடவை துணி டிராலிகளோடு அவள் வண்டியில் அங்கே போவாள். அந்த வண்டி ஓட்டுகிறவன் எனக்குப் பதினோரு வருடப் பழக்கம். பார்த்த இடத்தில் வணக்கம் சொல்வான், என் மகள் படிப்பைப் பற்றி விசாரிப்பான். வண்டிக்குள் என்ன நடந்தது என்பதை நான் இங்கே எழுதமாட்டேன். அது அவளுடையது.

ஆனால் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் சொல்லி முடித்ததும் "நல்லா யோசிச்சுப் பாரு" என்ற வார்த்தை என் வாய்வரை வந்துவிட்டது. வேறு எதுவும் வரவில்லை, அதுதான் முதலில் வந்தது. அப்படியே விழுங்கினேன். எழுந்து போய் உருளையை நிறுத்தினேன். அந்த இரைச்சல் அடங்கியதும் அவள் மூச்சு வாங்குவது கேட்டது.

"இப்ப உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன்.

"நாளைக்கு அந்த வண்டியில போகக் கூடாது."

"போக வேண்டாம்."

மறுநாள் டிராலிகளோடு நான் போனேன். அவன் வழக்கம்போல வணக்கம் சொன்னான். நான் பின்பக்கம் ஏறாமல் முன்சீட்டில் உட்கார்ந்து வழி முழுக்க அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு போனேன். அடுத்த வாரம் அவளாகவே வந்து, எழுதிக் கொடுத்துவிடலாம் என்றாள். புகார்க் குழுவுக்கு அவளோடு போனேன். அவள் பேசினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இப்போது அவனை வேலையிலிருந்து நிறுத்திவைத்து விசாரிக்கிறார்கள். முடிவு என்ன ஆகும் என்று தெரியாது.

நேற்று அவள் ஏதோ ஒரு சினிமாக் கதையைப் பாதிவரை சொன்னாள்.

உன்னை நினைத்துக்கொண்டேன். உடம்பைக் கவனி.

அக்கா


மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோருக்கும் என் அன்பு. உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். அதன் பிறகு வெட்டிய லென்ஸ் அளவு தப்பிப் போய்விட்டது. நீ செய்தது பெரிய காரியம். ரேடியோவுக்கு எதுவும் சொல்லிவிடாதே, நான் நலம் விசாரித்ததாக மட்டும் சொல்.

இதைப் பிளான் மேடத்திடம் சொன்னது என் தப்பு. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம போஸ்டரால ஒரு பொண்ணு பேசியிருக்கா. இத அடுத்த இதழ்ல போடணும். பேரு வேண்டாம், படம் வேண்டாம்."

"அவங்களக் கேக்காம எப்படி மேடம்?"

"கேளு. அக்காவை விட்டுக் கேக்கச் சொல்லு."

"இன்னும் ஒரு மாசம்கூட ஆகல. அவங்க வீட்டுலயே இன்னும் சொல்லலன்னு நெனைக்கறேன். நான் கேக்கமாட்டேன்."

மேடம் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "நீயும் ஒரு காலத்துல வேண்டாம்னுதான் சொன்ன. நாங்க எத்தனை தடவை கேட்டோம் உன்ன?" என்றார். ஆறு தடவை என்றேன். அவர் எழுந்து போய் இரண்டு டீ போட்டுக் கொண்டுவந்தார். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

போன சனிக்கிழமைக் கூட்டத்தில் உன்னைப் பற்றிய வரி வந்த இடத்தில் தண்ணீர் குடித்தேன். குடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். ஏன் என்று மேடம் கேட்டார், மறந்துவிட்டது என்றேன்.

சிறுநூல் இதோடு வருகிறது. எனக்கு எட்டுப் பக்கம், ஒன்பதிலிருந்து. படிக்க வேண்டுமென்று கட்டாயமில்லை.

தங்கை


ஜூன் 2

என் வாலுக்கு,

நலம். நீயும் நலமென்று நம்புகிறேன். மற்ற விசாரிப்புகளை அடுத்த தடவை வைத்துக்கொள்வோம்.

புத்தகத்தைப் படித்தேன். பதினோராம் பக்கத்தில் மாதம் போட்டிருக்கிறது, மே என்று. நான் அந்த மாதத்தைக் கேட்டதே இல்லை. காவல் நிலையத்திலிருந்து மாமாவுக்குப் போன் வந்தபோது தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. அப்போது கேட்கவில்லை. வழக்கு நடந்தபோது இரண்டு தடவை வந்தேன். வாசல் பெஞ்சில் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்தேன், உள்ளே வரவில்லை. அதனால் நீ எனக்குப் போன் செய்த அன்றே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது, என்னால் எதுவும் ஆகியிருக்காது என்று எட்டு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ போன் செய்தது மார்ச் கடைசியில். நான் என்ன சொன்னேன் என்பது மறந்துவிட்டது என்று நீ நினைக்கலாம். மறக்கவில்லை. எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து.

"அக்கா, முதலாளி கையப் பிடிச்சு இழுத்தாரு. சரக்கு ரூம்ல வச்சு."

"கை பட்டிருக்கும். சின்ன ரூம்தானே அது."

"விடலக்கா. நான் கத்தினதுக்கப்பறம்தான் விட்டாரு."

"அவரு மாமாவோட சிநேகிதரு. பொண்ணு மாதிரின்னு சொல்லித்தானே சேத்துக்கிட்டாரு. நல்லா யோசிச்சுப் பாரு. இப்ப திடீர்னு வேலைய விட்டா மாமா அவரு முகத்துல எப்படி முழிப்பாரு? கொஞ்ச நாள் பொறுத்துக்கோ."

நீ "சரிக்கா" என்றாய். அதற்குப் பிறகு நான், சாப்டியா என்று கேட்டேன்.

நீ பொறுத்துக்கொண்டாய். ஏழு வாரம். மே மாதத்தில் நீ எனக்குப் போன் செய்யவில்லை. தனியாக நடந்து காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறாய்.

நான் நம்பவில்லை என்பதுகூடச் சரியில்லை. பாதி நம்பினேன். நம்பினால் செய்ய வேண்டியது நிறைய இருந்தது, அதனால் நம்பாமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

மன்னிப்புக் கேட்டு இந்தக் கடிதத்தை முடிக்க மாட்டேன். கேட்டால் நீ "பரவாயில்லை" என்று எழுதுவாய், எனக்கு நிம்மதியாகிவிடும். எனக்கு இப்போது வேண்டியது ஒன்றுதான், அந்த வரியை எடுக்கச் சொல். ஜூலையில் உங்கள் அமைப்பு இங்கே ஊழியர் குடும்பங்களுக்குக் கூட்டம் போடப்போகிறது என்று அறிவிப்பு வந்திருக்கிறது. நீ சம்மதித்தால் அங்கே எழுந்து நடந்ததை நானே சொல்கிறேன். மாமாவிடம் சொல்லிவிட்டேன். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அக்கா


ஜூன் 29

அக்காவுக்கு,

நான் நலம். இருமலுக்கு டாக்டரைப் பார்த்துவிட்டேன். உன் கடிதம் வந்து நான்கு வாரமாகிறது. ஒவ்வொரு நாளும் பையில் போட்டுக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்துகொண்டிருக்கிறேன்.

நீ எழுதியதில் ஒரு தப்பும் இல்லை.

அந்த வரியைப் பலர் உட்கார்ந்து எழுதினார்கள் என்று சொன்னேனே, அது பொய். நான்தான் எழுதினேன். ஆரம்பத்தில் நடந்ததை நடந்தபடிதான் சொன்னேன். போலீஸில், வக்கீலிடம், மேடம் வராத முதல் இரண்டு கூட்டங்களில். உனக்குப் போன் செய்த இடம் வந்ததும் எல்லோரும் உன் பக்கம் திரும்பிவிடுவார்கள். "கூடப் பொறந்த அக்காவா அப்படிச் சொன்னாங்க?" என்பார்கள். கேள்வி முழுக்க உன்னைப் பற்றித்தான் வரும். அந்த முதலாளி பாட்டுக்கு ஓரமாக நிற்பான், அவனை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. மூன்றாவது கூட்டத்தில் "அக்கா நம்பினாள்" என்றேன். கதை சுலபமாக ஓடியது. யாரும் குறுக்கே நிற்கவில்லை.

அதையே முப்பது தடவைக்கு மேல் சொன்ன பிறகு, அப்படித்தான் நடந்ததோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. நீ "அங்கயே இரு" என்று சொல்கிற குரல்கூடக் கேட்டது. பின் பெஞ்சுப் பெண் கேட்ட கேள்வியோடு அது கலைந்தது. அவளுக்கும் எனக்கிருந்த மாதிரிதான் ஒரு அக்கா இருக்கிறாள் என்று நினைக்கிறேன். நான் அவளிடம் பொய்யைச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

கோபம் இல்லை என்று எழுதினால் அதுவும் பொய்தான். இருந்தது. இருக்கிறது. நீ அந்த உரையாடலை வார்த்தைக்கு வார்த்தை எழுதியிருந்ததைப் பார்த்தபோது கொஞ்சம் குறைந்தது. ஏன் என்று தெரியவில்லை. ஞாபகம் எனக்கு மட்டும்தான் இருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். போஸ்டரை நிறுத்திவிட்டார். நீ பேசுவது பற்றி மட்டும் தயங்கினார். "கேக்கறவங்க குழம்பிடுவாங்க. யாரத் திட்டறதுன்னு தெரியாமப் போயிடும்" என்றார். கூட்டத்துக்கு வரப்போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் யாருக்கோ அம்மா, யாருக்கோ அண்ணன் என்று சொன்னேன். யோசித்துவிட்டுச் சரி என்றார். நான்கு நிமிடம் தருவாராம்.

பேசு. ஆனால் எனக்காகப் பேசாதே. நான் வரவில்லை.

தங்கை


ஜூலை 20

என் வாலுக்கு,

டாக்டர் என்ன சொன்னார்? மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? நாங்கள் நலம்.

உணவுக்கூடத்தில் மேஜைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். எண்பது பேர் இருப்பார்கள். உங்கள் மேடம் முதல் வரிசையில் கடிகாரத்தைக் கையில் வைத்திருந்தார். நான் பேச ஆரம்பித்ததும் அதைக் கவிழ்த்து மடியில் வைத்துவிட்டார்.

உனக்கு எழுதியதையேதான் சொன்னேன். உனக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லவில்லை, நான் என்ன செய்தேன் என்பதை மட்டும் சொன்னேன். போனில் பேசியதை இரண்டு குரலிலும் சொன்னேன். ஏழு வாரத்தைச் சொன்னேன். "சுவரில் இருந்த போஸ்டரைப் பார்த்துவிட்டு என்னை நல்ல அக்கா என்று நினைத்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அது நான் இல்லை" என்றேன். யாரும் கை தட்டவில்லை. தலைமை நர்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு அம்மாள் எழுந்து வெளியே போனார், திரும்பி வரவில்லை.

லிப்ட் ஓட்டுகிறவர் கையைத் தூக்கினார். மூன்று பெண்களைப் பெற்றவர்.

"அப்ப என்ன சொல்லியிருக்கணும் நீங்க? அந்த நேரத்துல ஒண்ணும் தோணாதே."

"எங்க நிக்கற, அங்கயே இரு, நான் வரேன்னு சொல்லியிருக்கணும்" என்றேன். "ரெண்டு பஸ் மாறணும். அவ்வளவுதான்."

அவர் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது.

ரேடியோ வந்திருந்தாள். முடிந்ததும் என்னிடம் வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "அன்னைக்கு இது எனக்குத் தெரிஞ்சிருந்தா உங்ககிட்ட வந்திருக்கமாட்டேன்" என்றாள். பிறகு, "இப்ப தெரிஞ்சிருச்சு, இனிமேயும் வருவேன்" என்றாள். விசாரணை முடிந்துவிட்டது. அந்த வண்டிக்காரனை நீக்கிவிட்டார்கள்.

மாமா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார், நான் கவனிக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் என் பையை வாங்கிக்கொண்டார். பிறகு, "சேத்துவிட்டது நான்" என்றார். ஆமாம் என்றேன். அவர் உனக்கு எழுதுவாரா என்று தெரியாது, எழுதச் சொல்லி நான் கேட்கப்போவதும் இல்லை.

எண்பது பேருக்கு முன்னால் நின்றபோது ஒன்று உறைத்தது. நடந்ததைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சிறுநூலில் படித்ததுதான். உன் வாயால் கேட்டதில்லை. ஒரு தடவைகூட உட்கார்ந்து, சொல்லு என்று கேட்டதில்லை. வரும் மாதம் எனக்கு நான்கு நாள் விடுப்பு இருக்கிறது. தனியாக வருகிறேன். சொல்வாயா?

அக்கா


ஆகஸ்ட் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். மருந்து சாப்பிடுகிறேன், முகத்துக்குத் துணியும் கட்டுகிறேன். உன் கை எப்படி?

மேடம் திரும்பி வந்து உன் கூட்டத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அதில் ஒரு தடவைகூடப் பிளான் என்ற வார்த்தை வரவில்லை. வேறு ஊர்களிலும் நீ பேச வருவாயா என்று கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன். முடியாது என்றால் முடியாது என்று எழுது. ஆறு தடவை கேட்கவிடமாட்டேன்.

நான் மேடையை விட்டுவிட்டேன். ஐம்பத்து மூன்றோடு சரி. கோபித்துக்கொண்டு விடவில்லை. அந்த மேடையால் பலருக்கு நல்லது நடந்திருக்கிறது, அதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். எனக்குத்தான் போதும் என்று தோன்றிவிட்டது. இனிமேல் சனிக்கிழமைகளில் உதவி எண்ணில் உட்காரப்போகிறேன். அங்கே என் கதையை யாரும் கேட்கமாட்டார்கள், நான்தான் கேட்க வேண்டும். பயிற்சியில் முதலில் சொல்லிக்கொடுப்பது, எதிர்முனையில் இருப்பவர் மௌனமாக இருந்தால் நாமும் மௌனமாக இருக்க வேண்டும் என்பதுதான். எனக்கு அதில் நல்ல மதிப்பெண்.

நீ கேட்டதற்கு வருகிறேன். போலீஸ், டாக்டர், வக்கீல், நீதிபதி, ஐம்பத்து மூன்று கூட்டம், சிறுநூலுக்கு இரண்டு தடவை. எங்கே மூச்சு விட வேண்டும் என்பதுகூட மனப்பாடம். இப்போது உன் முன்னால் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தால் அந்த ஆறு நிமிடம்தான் வரும். மூன்றாவது நிமிடத்தில் நிறுத்துவேன், நீ அழுவாய். எனக்கு அது வேண்டாம்.

என்னைத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு என் கதைதான் முதலில் தெரியும், அப்புறம்தான் நான். உனக்கு மட்டும் என் பல் விழுந்ததும் தெரியும், நான் சைக்கிளை எதிர் வீட்டுச் சுவரில் மோதியதும் தெரியும். அந்த ஆளாக நான்கு நாள் இருந்து பார்க்க வேண்டும் போலிருக்கிறது. மற்றதைச் சொல்லத் தோன்றும் நாள் வரலாம். வராமலும் போகலாம். இரண்டுக்கும் சம்மதமென்றால் வா.

கடையில் ஆறு மணிவரை வேலை. சாவியைக் கீழ்வீட்டு அம்மாவிடம் கொடுத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கட்டில் வாங்க வேண்டும். இத்தனை வருடமாகத் தரையில்தான் படுக்கிறேன், இப்போது ஆசை வந்திருக்கிறது. நான் எதைப் பார்த்தாலும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வேன். நீ தட்டிப் பார்த்து, கால் ஆடுகிறது, பலகை மெலிசு என்று கடைக்காரரைப் படுத்தி எடுப்பாய். அதற்கு நீ வேண்டும்.

தங்கை